தாத்தா வீட்டுக்கு ஞாயிறுதோறும் கில்ட்: தடுக்கணுமா, விடணுமா?

பெர்த்_வாணி
ஸ்காட்லாந்தில் பெர்த் பக்கம் இருக்கிறோம். கணவர் இந்த மண்ணுக்காரர். ஞாயிறு மதியச் சாப்பாடு எப்போதும் மாமனார் வீட்டில்தான். அவருக்கு 87 வயது. இளவயதில் கட்டாயப் படைச்சேவையில் பிளாக் வாட்ச் படைப்பிரிவில் இருந்தவர். வெளியே வந்த பிறகு அதே கரும்பச்சை, நீலக் கட்டத்தில் ஒரு கில்ட் (ஸ்காட்லாந்து ஆண்கள் இடுப்பில் கட்டும், முழங்கால்வரை வரும் கொசுவம் வைத்த உடை) தைத்துக்கொண்டார். போன குளிர்காலத்தில் அதை என் மகனிடம் (16 வயது) கொடுத்துவிட்டார். அன்றிலிருந்து ஞாயிறுதோறும் அதைக் கட்டிக்கொண்டுதான் போகிறான்.

இரண்டு வாரத்துக்கு முன் கணவரின் அண்ணன் சாப்பாட்டு மேசையில் வைத்தே சொன்னார்: "கல்யாணத்துக்குப் போடுவதை உருளைக்கிழங்கு சாப்பிடப் போட்டுக்கொண்டு வருகிறான். இது வேஷம்." பையன் பதில் பேசவில்லை. அடுத்த வாரம் ஜீன்ஸ் போட்டுக்கொண்டான். மாமனாரும் ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் சாப்பிட்டு முடிக்கும்வரை அவன் முழங்காலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுபடி கட்டச் சொல்லட்டுமா, அப்படியே விட்டுவிடட்டுமா?

கிளாஸ்கோ_யாழ்
அக்கா, கோவிக்காதேங்கோ. அவர் சொன்ன விதம் பிழை, விஷயம் பிழையில்லை. இஞ்ச பெரும்பாலும் கல்யாணம், ஜனவரி 25 பேர்ன்ஸ் இரவு (கவிஞர் ரொபர்ட் பேர்ன்ஸின்ர பிறந்தநாள்), ரக்பி ஆட்டம் எண்டாத்தான் கில்ட் கட்டுவினம். கிழமைக்குக் கிழமை கட்டினா அதின்ர மதிப்புக் குறையும். இன்னொண்டு: அந்த வீட்டில மற்றப் பேரப்பிள்ளையளும் இருப்பினம்தானே? ஒருத்தனுக்கு மட்டும் தாத்தாவின்ர உடுப்பு. பாக்கிற பிள்ளைக்கு மனசு நோகும்.

நெல்லைச்_செல்வி
மதிப்பு குறையும்னு யார் சொன்னது? எங்க தாத்தா பட்டு வேட்டியைப் பெட்டிக்குள்ள வச்சு வச்சே செல்லரிச்சுப் போச்சு. கட்டிக்கிட்டுப் பக்கத்துல உட்கார்ந்திருந்தா அந்த மனுஷன் எவ்வளவு பேசியிருப்பாரு! வாணிக்கா, பையன் கட்டட்டும். 87 வயசுக்காரர்கிட்ட இன்னும் எத்தனை ஞாயிறு பாக்கின்னு யாராலயும் சொல்ல முடியாது.

அபர்தீன்_அன்பு
உணர்ச்சி புரிகிறது. ஆனால் 'பரம்பரை உடை' என்ற பேச்சில் கொஞ்சம் நிதானம் வேண்டும். கில்ட் வடக்கே உள்ள மேட்டுநிலத்து (ஹைலாண்ட்ஸ்) உடை. தாழ்நிலத்து ஸ்காட்லாந்துக்காரர்கள் நெடுங்காலம் அதைத் தங்களுடையதாக நினைத்ததே இல்லை. 1822ல் நான்காம் ஜார்ஜ் மன்னர் எடின்பரோ வந்தபோது எழுத்தாளர் வால்டர் ஸ்காட் ஏற்பாடு செய்த விழாவில் மன்னரே கில்ட் கட்டினார். நாடு முழுவதுக்குமான உடையாக அது மாறியதில் அந்த விழாவுக்குப் பெரிய பங்கு உண்டு. 200 வருஷ வழக்கத்தைப் புனிதமாக்கிக் குடும்பத்துக்குள் சண்டை எதற்கு?

நெல்லைச்_செல்வி
அன்பு அண்ணே, 1822க்கு முன்னாடி நடந்ததையும் சொல்லுங்க. மேட்டுநிலத்துக் கிளர்ச்சிப் படை அரசாங்கப் படைகிட்ட தோத்த கலோடன் போர் முடிஞ்ச 1746லயே மேட்டுநில உடைக்குத் தடைச் சட்டம். முதல் தடவை மாட்டினா ஆறு மாசம் ஜெயில், ரெண்டாந்தடவை ஏழு வருஷம் நாடு கடத்தல். 1782 வரைக்கும் அந்தச் சட்டம் இருந்துச்சு. அதுல படையில இருக்கிறவங்களுக்கு மட்டும் விலக்கு. ஊர்ல யாரும் கட்டக்கூடாதுன்னு இருந்தப்போ பிளாக் வாட்ச் மாதிரி படைங்கதான் அதைக் கட்டிக்கிட்டிருந்தாங்க. அந்தத் தாத்தா குடுத்த துணி அந்தக் கட்டம்தான்.

2014ல சென்னையில வேட்டி கட்டி வந்த உயர் நீதிமன்ற நீதிபதியையே ஒரு கிரிக்கெட் கிளப் வாசல்லயே திருப்பி அனுப்பிச்சு. அதே வருஷம் சட்டசபையில சட்டம் போட்டுத்தான் அதைச் சரி பண்ணாங்க. உடையால வெளியில அவமானப்படுறது ஒண்ணு. சொந்த வீட்டு மேசையிலயே பட்டா அந்தப் பிள்ளை எங்க போகும்?

அபர்தீன்_அன்பு
படைகளுக்கு விலக்கு என்பது சரி. ஆனால் பிளாக் வாட்ச் எதற்காக உருவானது? மேட்டுநில மக்களையே கண்காணிக்க அரசு அமைத்த படை அது. 'வாட்ச்' என்ற பெயரே அதைத்தான் சொல்கிறது. அந்தக் கட்டத்தில் பெருமை மட்டும் இல்லை. இது தெரியாமல் ஒரு 16 வயதுப் பையன் அதைக் கட்டித் திரிவதில் எனக்கு உடன்பாடில்லை.

டண்டீ_மலர்
தெரியாவிட்டால் கேட்டுத் தெரிந்துகொள்ளட்டுமே! கேட்பதற்கு ஆள் எதிரிலேயே உட்கார்ந்திருக்கிறார். "கிராண்டா, உங்கள் படை யாரைக் காவல் காத்தது?" என்று ஒரு ஞாயிறு கேட்டால் அந்த மதியம் முழுக்க ஓடும்.

எனக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. என் மாமியார் கில்ட் தைத்தவர். ஒரு கில்ட்டுக்கு எட்டு கெஜம் வரை துணி. கொசுவம் முழுவதும் பின்பக்கம்தான். ஒவ்வொரு கொசுவத்திலும் கட்டம் பிசகாமல் வர வேண்டும் என்று கையாலேயே தைப்பார். "வந்து உட்கார், சொல்லித் தருகிறேன்" என்று எத்தனையோ முறை கூப்பிட்டார். வேலை, குழந்தை என்று தள்ளிப் போட்டேன். இன்று அவருடைய ஊசிப் பெட்டி என்னிடம் இருக்கிறது, கொசுவம் பிடிக்கத் தெரியாது. வாணி, நீங்கள் தள்ளிப் போடாதீர்கள்.

கிளாஸ்கோ_யாழ்
மலர் அக்கா சொன்னது மனசைத் தொட்டுட்டுது. ஆனா நான் கேட்டதுக்கு ஒருத்தரும் பதில் சொல்லேல்ல. தாத்தாவோட நேரம் எல்லாப் பேரப்பிள்ளையளுக்கும் வேணும். பெரியப்பாவின்ர கோபம் உண்மையில கில்ட்டிலயா, தன்ர பிள்ளைக்குக் கிடைக்கேல்ல எண்டதிலயா?

பெர்த்_வாணி
யாழ் தம்பி, உங்கள் கேள்வி என்னைத் தூங்கவிடவில்லை. நேற்று அதையே கணவரிடம் கேட்டேன். அண்ணனும் சின்ன வயதில் அந்தக் கில்ட்டைக் கேட்டாராம். "முதலில் உயரம் வரட்டும்" என்றாராம் மாமனார். உயரம் வந்தபோது அண்ணன் கேட்கவில்லை, மாமனாரும் எடுத்துக் கொடுக்கவில்லை. நாற்பது வருஷம் அலமாரியில் இருந்திருக்கிறது.

அண்ணன் பேசியது சரி என்று இப்போதும் நான் சொல்ல மாட்டேன். என் மகனின் நிறமும் முகமும் அந்த வார்த்தையில் கலந்திருந்ததோ என்று அன்றிரவு அழுதேன். அந்தச் சந்தேகம் முழுதாகத் தீரவில்லை.

அன்பு அண்ணனின் பதிவை மகனுக்குப் படித்துக் காட்டினேன். மலர் சொன்ன கேள்வியைத் தாளில் எழுதி வைத்திருக்கிறான்.

அபர்தீன்_அன்பு
கேட்கட்டும். ஆனால் வாரந்தோறும் கட்ட வேண்டியதில்லை என்பதில் நான் மாறவில்லை. பெரியப்பா வரும் நாளிலாவது வேண்டாம்.

பெர்த்_வாணி
அதை அவனே முடிவு செய்யட்டும் என்று விட்டுவிட்டேன். இன்று காலை மாமனாருக்கு அவனே போன் செய்தான். இடுப்பில் இறுகுகிறது, பக்கிளைத் தள்ளித் தைக்க வேண்டும் என்றான். "ஞாயிறு சீக்கிரம் வா, மற்றவர்கள் வருவதற்குள் முடித்துவிடலாம்" என்றாராம். அவருக்கு ஊசியில் நூல் கோக்கக் கண் தெரியாது. கோத்துக் கொடுப்பது இவன் வேலை.