யானைக்கு மனம் உண்டு என்பதை எதை வைத்துச் சொல்வது?

கேள்வி (கூடலூர், தோட்டத் தொழிலாளி)

கூடலூர்ப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் முப்பது ஆண்டுகளாகக் கொழுந்து எடுத்துவருகிறேன். சென்ற ஆடி மாதம் எங்கள் லைன் வீடுகளுக்குக் கீழே, நாங்கள் கான் என்று சொல்லும் வடிகாலில், ஒரு யானைக்குட்டி விழுந்து இறந்துவிட்டது. விடிவதற்கு முன்பிருந்து நண்பகல் வரை, கொட்டும் மழையில், நான்கு பிடியானைகள் அதைச் சுற்றியே நின்றன. பெரியது துதிக்கையால் குட்டியின் வாயையும் கால்களையும் திரும்பத் திரும்பத் தொட்டுக்கொண்டிருந்தது. மறுநாள் இரவும் அவை வந்து நின்றன.

தாய் துக்கப்படுகிறது என்று நான் சொன்னேன். கோவையில் உயிரியல் படிக்கும் என் மகன், "அது உங்கள் துக்கம் அம்மா, யானையின்மேல் ஏற்றிப் பார்க்கிறீர்கள்" என்றான். அவன் சொன்னதை ஏற்கவும் முடியவில்லை, தள்ளவும் முடியவில்லை. வாய் பேசாத உயிருக்குள் மனம் இருக்கிறதா என்பதை, பார்ப்பவரின் மனத்தை அதில் கலக்காமல் அறிய வழி உண்டா?

பதில் 1 (உதகை, ஓய்வுபெற்ற மெய்யியல் ஆசிரியர்)

அம்மா, உங்கள் மகன் சொன்ன எச்சரிக்கைக்கு நூறாண்டுக்கு மேல் வயதாகிறது. ஒரு விலங்கின் செயலை எளிய உளத்திறனைக் கொண்டே விளக்க முடியுமானால் உயர்ந்த திறனை அதற்குக் காரணமாக்கக் கூடாது என்று 1894-இல் உளவியலாளர் லாய்ட் மார்கன் வகுத்தார். அதன் தேவை பெர்லினில் வெளிப்பட்டது. கணக்குப் போடுவதாகப் புகழ்பெற்ற ஒரு குதிரை, உண்மையில் கேள்வி கேட்டவரின் தலை அசைவைக் கவனித்தே குளம்பு தட்டுவதை நிறுத்தியது என்று 1907-இல் ஆஸ்கர் ஃபுங்ஸ்ட் காட்டினார்.

ஆனால் அந்தக் கண்டிப்பு மனிதரிடமும் செல்லுமா என்று உங்கள் மகனிடம் கேளுங்கள். அவனுடைய துக்கத்தையும் நீங்கள் நேரில் கண்டதில்லை. முகத்தையும் குரலையும் பசியில்லாமல் அவன் ஒதுக்கிய தட்டையும் கண்டு ஊகித்தீர்கள். யானையிடம் செய்ததும் அதே ஊகம்தான். அது நம்மிடமிருந்து தொலைவில் இருப்பதால் பிழைக்கான வாய்ப்பு கூடுகிறது, அவ்வளவே.

வலி என்பது இன்ன நரம்புப் பொருள் என்று வரையறுக்காமல், அது உயிருக்குள் என்ன வேலை செய்கிறது என்று பார்க்க வேண்டும் என்பது 1960-களில் மெய்யியலாளர் ஹிலாரி பட்னம் முன்வைத்த கருத்து. நம் மூளைக்குச் சற்றும் ஒப்பில்லாத மூளை கொண்ட எண்காலிக்கும் (ஆக்டோபசுக்கும்) வலி இருக்கலாம் என்பதற்கு அது இடம் தந்தது. துக்கத்தையும் அப்படியே கேட்கலாம்: பசியை அடக்கி, கவனத்தை ஒரே உயிரிடம் கட்டிவைத்து, விலகிப் போக விடாமல் தடுக்கும் ஒரு நிலை அந்த யானைக்குள் இருந்ததா? இருந்தது என்றே நீங்கள் கண்டது எனக்குச் சொல்கிறது. அந்நிலையில் இருப்பது யானைக்கு எப்படி இருக்கும் என்பது வேறு கேள்வி. வௌவாலை முன்வைத்து 1974-இல் தாமஸ் நேகல் எழுப்பிய அந்தக் கேள்வியை, வெளியிலிருந்து செய்யும் எந்த அளவீடும் தீர்ப்பதில்லை.

ஆறாவது அறிவாகிய மனம் மனிதருக்கே உரியது என்று தொல்காப்பியத்தைக் காட்டிப் பள்ளியில் கற்பித்தார்கள். அந்நூலின் மரபியல் என்னும் அதே இயலில் "ஒருசார் விலங்கும் உளவென மொழிப" என்றும் ஒரு வரி உண்டு. அதைச் சொல்லாமல் விட்டது எனக்கு இன்றும் வருத்தமே.

பதில் 2 (தெப்பக்காடு, மாவுத்தர் குடும்பம்)

அக்கா, நாம் எந்தப் புலனால் கேட்கிறோம் என்பதையும் பார்க்க வேண்டும். விலங்கு தன்னைத் தான் அறிகிறதா என்று காணக் கண்ணாடிச் சோதனை வைக்கிறார்கள். 1970-இல் கார்டன் கேலப் அதைச் சிம்பன்சிகளிடம் செய்தார். 2006-இல் நியூயார்க்கில் மூன்று ஆசிய யானைகளிடம் செய்தபோது, ஹேப்பி என்ற ஒன்று மட்டுமே தன் தலையில் இட்ட குறியைக் கண்ணாடியில் பார்த்துத் துதிக்கையால் தொட்டது. மற்ற இரண்டுக்கும் தன்னுணர்வு இல்லை என்று யானையோடு வாழ்ந்த எவரும் சொல்லமாட்டார். சேற்றையும் மண்ணையும் வாரி மேலே பூசிக்கொள்ளும் உயிருக்கு நெற்றியில் ஒரு குறி எதற்குப் பொருட்டாக வேண்டும்? என் தந்தை புதுச் சட்டை போட்டாலும், இருட்டில் ஓசையின்றி வந்தாலும், அவருடைய யானை துதிக்கையை நீட்டி முகர்ந்து அறிந்துகொள்ளும். குட்டியின் வாயைத் தொட்டது என்று எழுதியிருக்கிறீர்கள். உயிருள்ள யானைகளும் ஒன்றையொன்று அப்படித்தான் விசாரிக்கும்.

இந்த மலைப்பகுதியில் வாழும் நாயக்கர் (காட்டுநாயக்கர்) பழங்குடியினரைப் பற்றி மானுடவியலாளர் நூரித் பேர்ட்-டேவிட் 1999-இல் எழுதிய கட்டுரையையும் உங்கள் மகன் படிக்கலாம். எதிர்ப்பட்ட மனிதரோடு உறவு கொண்டு விலகிப்போகும் யானையை அவர்கள் ‘தேவரு’ என்கிறார்கள். அப்படி உறவு கொள்ளாதது வெறும் யானை. அவர்கள் மனத்தை மண்டைக்குள் தேடவில்லை. இருவருக்கும் இடையே நடப்பதில் காண்கிறார்கள். எங்கள் வீட்டிலும் அப்படியே கண்டோம்.

பதில் 3 (கோத்தகிரி, காட்டுயிர்க் களப்பணியாளர்)

வடவங்கத் தேயிலைத் தோட்டங்களின் வடிகால்களில், இறந்த ஐந்து யானைக்குட்டிகள் கால்கள் மேல்நோக்கிய நிலையில் மண்மூடிக் கிடந்ததைப் பற்றி 2024-இல் ஒரு கட்டுரை வெளிவந்தது. யானைக் கூட்டங்களே இழுத்துவந்து புதைத்தன என்று அதை எழுதியவர்கள் கருதுகிறார்கள். எனக்கும் அப்படி நம்பவே விருப்பம். விருப்பம் இருப்பதால்தான் ஒன்று கேட்கிறேன்: மறுநாள் இரவு அவை வந்தது குட்டிக்காகவா, அல்லது அது எப்போதும் அவை கடக்கும் வழியா? தாய் மட்டும் நின்றதா, மற்றவையும் மேயாமல் நின்றனவா? எளிய விளக்கங்களை ஒவ்வொன்றாகக் கழித்த பிறகு எஞ்சுவதையே ஆதாரமாகக் கொள்ள முடியும்.

கேட்டவரின் மறுமொழி

ஐயா, அது, நாங்கள் வயல் என்று சொல்லும் சதுப்புக்குத் தண்ணீர் குடிக்கப் போகும் வழிதான். வாரம் இருமுறையாவது அவ்வழியே போகும். ஆகவே மறுநாள் வந்ததை நான் கணக்கில் சேர்க்கவில்லை. ஆனால் முதல் நாள், இருநூறு அடி தூரத்தில் தண்ணீரும் புல்லும் இருக்க, நான்கில் ஒன்றுகூட அங்கே போகவில்லை. வெடிச் சத்தத்துக்குச் சற்று விலகி, பிறகு கானுக்கே திரும்பின. வழி என்பது அதற்குக் காரணமாகாது. இவ்வளவையும் இன்றிரவு மகனுக்கு எழுதுகிறேன்.