முதலாண்டு பிஜிக்களுக்கு ஆராய்ச்சி முறை: வாரம் ஒரு மணி நேரம், நிதி இல்லை. எங்கிருந்து தொடங்குவது?

கேள்வி – மெடிசின்_ஏபி_சென்னை

சென்னையில் ஓர் அரசு மருத்துவக் கல்லூரி, பொது மருத்துவத் துறை. முதலாண்டு பிஜிக்கள் (எம்.டி. படிக்கும் டாக்டர்கள்) 12 பேருக்கு ஆராய்ச்சி முறை சொல்லித்தர வேண்டும். புதன்கிழமை ஓ.பி. முடிந்தபின் ஒரு மணி நேரம், ஆறு மாதம். தனி நிதி இல்லை, புள்ளியியலாளர் இல்லை, விலை கொடுத்து வாங்கிய மென்பொருள் இல்லை. எந்த வாரமும் மூன்று நான்கு பேர் டியூட்டியில் இருப்பார்கள்.

ஐ.சி.எம்.ஆர்.-என்.ஐ.இ. (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் தேசிய தொற்றுநோயியல் நிறுவனம்) நடத்தும் இணையவழி அடிப்படைப் பயிற்சியை எல்லோரும் எப்படியும் முடித்தாக வேண்டும். அதில் தேறியவரிடம் "உங்கள் ஆய்வுக் கேள்வி என்ன?" என்று கேட்டால் "சர்க்கரை நோயாளிகளிடம் ஒரு ஸ்டடி" என்பதோடு நின்றுவிடுகிறார். வகுப்பை எப்படி அமைப்பது? எதை விட்டுவிடலாம்?

பதில் 1 – வார்டு_நோட்டு

சார், தலைப்பு வாரியாகப் பாடத்திட்டம் போடவே வேண்டாம். 12 பேரும் சேர்ந்து ஒரே ஒரு சின்ன ஆய்வைக் கேள்வியில் தொடங்கி நான்கு பக்கக் கட்டுரை வரை ஆறு மாதத்தில் முடிக்கட்டும். தீசிஸில் (பட்டத்துக்காக ஒவ்வொருவரும் எழுதும் ஆய்வேடு) செய்யப்போகும் தவறுகளை எல்லாம் இதிலேயே செய்து திருத்திக்கொள்வார்கள். தீசிஸில் 18 மாதம் கழித்து அதே தவறு தெரியவந்தால் ஒன்றும் செய்ய முடியாது.

உதாரணத்துக்கு ஒரு கேள்வி: கேஷுவால்டிக்கு வரும் செப்டிக் ஷாக் (கிருமித்தொற்று முற்றி ரத்த அழுத்தம் சரிந்த நிலை) நோயாளிகளில் எத்தனை பேருக்கு முதல் டோஸ் ஆன்டிபயாடிக் ஒரு மணி நேரத்துக்குள் போகிறது? 2021 சர்வதேச செப்சிஸ் வழிகாட்டுதல் ஷாக்கில் இருப்பவருக்கு ஒரு மணி நேரம் என்கிறது. ஆகவே அளவுகோல் தயாராக இருக்கிறது, பரிசோதனைச் செலவும் இல்லை. முதல் இரண்டு வகுப்புகளைக் கேள்விக்கே கொடுங்கள். யாரிடம், எதை, எங்கே, எந்தக் காலத்தில், எப்படி அளந்து என்ற ஐந்தும் ஒரே வாக்கியத்தில் வரும்வரை கரும்பலகையில் அழித்து எழுத வையுங்கள்.

மூன்றாவது வகுப்புதான் முக்கியம். துறைத் தலைவர் அனுமதியோடு எம்.ஆர்.டி.யிலிருந்து (மருத்துவப் பதிவேடுகள் பிரிவு) 10 கேஸ் ஷீட் எடுத்து வாருங்கள். பெயர், ஐ.பி. எண் எதையும் குறிக்க வேண்டாம், தகவல் கிடைக்கிறதா என்று பார்க்க மட்டும்தான். ஒவ்வொரு கேஸ் ஷீட்டையும் இருவர் தனித்தனியாகப் படித்து, 'வந்த நேரம்', 'மருந்து போன நேரம்' இரண்டையும் எழுதட்டும். பிறகு ஒப்பிடுங்கள். பதிவேட்டில் ஒரு நேரம், டாக்டர் குறிப்பில் வேறு நேரம். மருந்துத் தாளில் 'ஸ்டாட்' (உடனே) என்று மட்டும் இருக்கும், நேரம் இருக்காது. ஒருவர் ஆர்டர் எழுதிய நேரத்தை எடுத்திருப்பார், மற்றவர் செவிலியர் கையெழுத்திட்ட நேரத்தை. இரண்டு பேர் மேலும் குற்றமில்லை, வரையறைதான் சரியில்லை. அந்த இடத்திலேயே எழுதச் சொல்லுங்கள்: "வந்த நேரம் என்பது கேஷுவால்டி பதிவேட்டில் உள்ள நேரம். அது இல்லையென்றால் முதல் பி.பி. குறித்த நேரம்." இப்படி ஒவ்வொரு விவரத்துக்கும் ஒரு வரி. இந்தத் தாள் இல்லாத ஆய்வில் 12 பேர் சேகரித்தால் 12 விதமான தரவுதான் வரும்.

பத்தில் நான்கில் நேரமே இல்லையா? அப்போது பழைய கேஸ் ஷீட்டை வைத்து இந்த ஆய்வைச் செய்ய முடியாது. நேரம் உள்ள ஆறை மட்டும் எடுத்துக்கொள்ளலாம் என்று யாராவது சொல்வார். அங்கே நிறுத்தி விளக்குங்கள். மிக மோசமான நிலையில் வந்தவருக்கு எல்லோர் கையும் வேலையில் இருக்கும், நேரம் எழுத ஆளிருக்காது. அவரை விட்டுவிட்டுக் கணக்கிட்டால் விடையே கோணலாகும். ஆகவே இன்றிலிருந்து வருகிறவர்களுக்கு ஒரு துண்டுச் சீட்டு வைத்து, நேரத்தை அப்போதே குறிக்கும் ஆய்வாக மாற்றுங்கள்.

புரோஃபார்மா (தரவு குறிக்கும் படிவம்) ஒரு பக்கத்தைத் தாண்டக் கூடாது. ஒவ்வொரு விவரத்தையும் காட்டி "இது எந்த அட்டவணையில் வரப்போகிறது?" என்று கேளுங்கள். பதில் இல்லையென்றால் அடித்துவிடலாம்.

பதில் 2 – எண்ணும்_எழுத்தும்

மேலே சொன்னதோடு ஒன்று. தரவு உள்ளிடுவதற்கு இரண்டு முழு வகுப்பு ஒதுக்குங்கள். ஒரு நோயாளிக்குக் குறுக்காக ஒரு வரிசை, ஒரு விவரத்துக்கு நெடுக்காக ஒரு பத்தி. வயதுப் பத்தியில் 45 என்றுதான் இருக்க வேண்டும், '45 வயது' என்று எழுதினால் சராசரி வராது. கட்டங்களை இணைப்பது, சிவப்பு நிறம் அடித்தால் இறப்பு என்று வைத்துக்கொள்வது இரண்டும் வேண்டாம், அலசல் மென்பொருள் நிறத்தைப் படிக்காது. தெரியாத மதிப்புக்கு 0 போட்டால் கிரியாட்டினின் (சிறுநீரக ரத்தப் பரிசோதனை) சராசரி இறங்கிவிடும். காலியாக விடுங்கள்.

தேதியில்தான் பலர் விழுகிறார்கள். எக்செல் அமெரிக்க முறையில் இருந்தால் 05/08 என்பதை மே 8 ஆக எடுத்துக்கொள்ளும், 13/08ஐ வெறும் எழுத்தாக விட்டுவிடும். பாதித் தேதி தவறு, பாதி காணாமல் போகும். உங்கள் ஆய்வில் நள்ளிரவும் ஒரு சிக்கல். 23:50க்கு வந்தவருக்கு 00:40க்கு மருந்து போனால் 50 நிமிடம். நேரத்தை மட்டும் கழித்தால் மைனஸ் 23 மணி 10 நிமிடம் வரும். தேதியையும் நேரத்தையும் சேர்த்தே ஒரு பத்தியில் வையுங்கள்.

தரவு சேகரிக்கும் செயலி எபிகலெக்ட்5 இலவசம், இணையம் இல்லாமலும் போனில் இயங்கும், எல்லைக்கு வெளியே எண் போட்டால் தடுக்கவும் செய்யலாம். அலசலுக்கு ஜமோவி அல்லது எபி இன்ஃபோ போதும், இரண்டும் இலவசம். மென்பொருள் பாடம் அரை மணி நேரத்துக்கு மேல் வேண்டாம்.

மெடிசின்_ஏபி_சென்னை

மிக்க நன்றி. இரண்டு சந்தேகம். சாம்பிள் சைஸ் (ஆய்வில் எத்தனை பேரைச் சேர்ப்பது) என்றால் எல்லோரும் 100 என்று எழுதுகிறார்கள், எப்படி மாற்றுவது? கேஸ் ஷீட்டை மட்டும் பார்ப்பதற்கு எத்திக்ஸ் கமிட்டி வேண்டுமா?

பதில் 3 – எண்ணும்_எழுத்தும்

ஃபார்முலாவை மனப்பாடம் செய்யவிடாமல், மூன்று எண்ணை மாற்றி மாற்றிப் போடச் சொல்லுங்கள். 30 சதவீதம் பேருக்கு நேரத்தில் மருந்து போகிறது என்று எதிர்பார்க்கிறோம். விடை 5 சதவீதப் புள்ளி முன்பின் துல்லியமாக வேண்டும், 95 சதவீத நம்பகத்தில். 1.96 (95 சதவீத நம்பகத்துக்கான எண்) வர்க்கம் × 0.3 × 0.7, வகுத்தல் 0.05 வர்க்கம்: 323 பேர். அதே கணக்கில் 10 புள்ளி போதும் என்றால் 81 பேர். "நான்கு மாதத்தில் நம் கேஷுவால்டியில் எத்தனை பேர் கிடைப்பார்கள்?" என்று பதிவேட்டைப் பார்த்து எண்ணிவிட்டு, எந்தத் துல்லியம் சாத்தியம் என்று அவர்களே முடிவெடுக்கட்டும். 100 என்ற எண்ணுக்கு அப்போதுதான் காரணம் கேட்கத் தோன்றும்.

இரண்டு பிழை திரும்பத் திரும்ப வரும். ஒன்று, 30இல் 20 சதவீதம், அதாவது 6 புள்ளி என்று எடுத்துக் கணக்கிட்டுவிட்டு, சினாப்சிஸில் (ஆய்வுத் திட்டச் சுருக்கம்) 'துல்லியம் 20 சதவீதம்' என்று மட்டும் எழுதுவது. எதில் 20 சதவீதம் என்று சொல்லாவிட்டால் படிப்பவர் 20 புள்ளி என்றுதான் எடுத்துக்கொள்வார். இரண்டு, 10 சதவீதம் பேர் விடுபடுவார்கள் என்று 323இல் 10 சதவீதம் கூட்டி 356 என்பது. 0.9ஆல் வகுக்க வேண்டும், 359 வரும்.

பி மதிப்பு (உண்மையில் வித்தியாசமே இல்லாவிட்டாலும் இவ்வளவு வித்தியாசம் தற்செயலாக வரும் வாய்ப்பு) பற்றி ஒரே ஒரு கணக்குக் காட்டுங்கள். ஒன்றோடொன்று தொடர்பில்லாத 20 ஒப்பீடு செய்தால், உண்மையில் எதுவுமே இல்லாவிட்டாலும் ஒன்றாவது 0.05க்குக் கீழே வர 64 சதவீத வாய்ப்பு. எந்த ஒப்பீடு பிரதானம் என்று தரவைப் பார்க்கும் முன்பே எழுதிவைக்க வேண்டியதன் காரணம் அதிலேயே விளங்கும்.

பதில் 4 – கமிட்டி_மேசை

எத்திக்ஸ் கட்டாயம் போக வேண்டும். ஐ.சி.எம்.ஆர். 2017 வழிகாட்டுதல்படி விலக்கு தரலாமா என்பதைக் கமிட்டிதான் முடிவு செய்யும், ஆய்வாளர் தானே முடிவு செய்துகொள்ள முடியாது. பழைய கேஸ் ஷீட் ஆய்வுக்கு நோயாளியின் ஒப்புதலிலிருந்து விலக்குக் கேட்கலாம், பெரும்பாலும் துரிதப் பரிசீலனையில் முடியும். விண்ணப்பம் திரும்பி வருவதற்கு வழக்கமான காரணங்கள்: தமிழ் ஒப்புதல் படிவம் ஆங்கிலத்தோடு பொருந்தாதது, புரோஃபார்மாவை இணைக்காதது, பெயர்-எண் பட்டியல் யார் அலமாரியில் பூட்டியிருக்கும் என்று சொல்லாதது. தமிழ்ப் படிவத்தை வார்டில் ஓர் அட்டெண்டரிடம் படிக்கக் கொடுத்து, என்ன புரிந்தது என்று கேட்கச் சொல்லுங்கள்.

தீசிஸில் மருந்தோ சிகிச்சையோ ஒப்பிடுகிறவர் இருந்தால் சி.டி.ஆர்.ஐ. (சிகிச்சைச் சோதனை ஆய்வுகளின் தேசியப் பதிவேடு) பதிவை முதல் நோயாளியைச் சேர்க்கும் முன்பே முடிக்க வேண்டும். ஏற்கெனவே தொடங்கிவிட்ட ஆய்வை 2018 ஏப்ரல் 1 முதல் அங்கே பதிய முடியாது. பதியாமல் முடித்த ட்ரையலை நல்ல ஜர்னல் எதுவும் எடுக்காது. மூன்று மாத மாவட்ட ரெசிடென்சியையும் (பிஜிக்கள் மாவட்ட மருத்துவமனையில் பணிபுரியும் காலம்) காலண்டரில் குறியுங்கள். அந்த மூன்று மாதம் யார் நோயாளியைச் சேர்ப்பார் என்று சினாப்சிஸிலேயே இருக்க வேண்டும்.

பதில் 5 – எஸ்பிஎம்_தோழி

டியூட்டியால் வராதவர்களுக்கு: 12 பேரை மூன்று மூன்று பேர் கொண்ட குழுக்களாகப் பிரித்துவிடுங்கள், ஒரு குழுவில் எல்லோருக்கும் ஒரே இரவு டியூட்டி வராதபடி. வாரா வாரம் குழுவுக்கு ஒரு தாள் கையில் வர வேண்டும்: கேள்வி, வரையறைத் தாள், காலி அட்டவணை என்று. தரவு வரும் முன்பே காலி அட்டவணைகளை வரைவது நல்ல பழக்கம். தலைப்பும் பத்தியும் இருக்கும், எண் மட்டும் இருக்காது. வராதவர் அந்தத் தாளைப் பார்த்து அடுத்த வாரம் சேர்ந்துகொள்ளலாம்.

"வசதி இல்லாத இடத்தில் என்ன ஆராய்ச்சி" என்று சோர்கிறவர்களுக்கு முதல் வகுப்பில் சேத்துப்பட்டைப் பற்றிச் சொல்லுங்கள். அங்குள்ள இன்றைய என்.ஐ.ஆர்.டி. (தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம்) 1956இல் காசநோய் மருந்துச் சிகிச்சை மையமாகத் தொடங்கியது. சானடோரியத்தில் (காசநோயாளிகளைத் தங்கவைக்கும் மருத்துவமனை) எல்லோருக்கும் படுக்கை கொடுக்க வழியில்லை. வீட்டிலேயே மருந்து கொடுத்தால் என்ன ஆகும் என்பதுதான் அவர்கள் கேள்வி. நோயாளிகளைக் குலுக்கல் முறையில் வீடு, சானடோரியம் என்று பிரித்தார்கள், வீட்டில் உடன் இருந்தவர்களுக்குத் தொற்று கூடுகிறதா என்றும் பார்த்தார்கள். 1959இல் முடிவு வெளியானது: வீட்டுச் சிகிச்சை ஏறத்தாழ அதே பலன் தந்தது, உடன் இருந்தவர்களுக்குக் கூடுதல் ஆபத்தும் இல்லை. படுக்கை இல்லை என்ற குறையிலிருந்தே கேள்வி பிறந்தது.

நீங்கள் விட்டுவிடக்கூடியவை: ரிக்ரெஷன், மெட்டா அனாலிசிஸ் (இரண்டும் மேல்நிலைப் புள்ளியியல்), விதவிதமான டெஸ்டுகளின் பட்டியல். தேவைப்படும் தீசிஸ்காரர் அப்போது கற்றுக்கொள்வார். கடைசி நான்கு வகுப்பை எழுதுவதற்கு வையுங்கள். முறைப் பகுதியை முதலில், பிறகு முடிவு, அறிமுகம் கடைசியில். ஜோடெரோவை (மேற்கோள்களைச் சேகரித்து எண்ணிடும் மென்பொருள்) முதல் வாரமே ஏற்றிவிட்டால் மேற்கோள் எண்ணைக் கையால் மாற்றும் வேலை மிச்சம்.