கடை தீப்பிடிச்சது, காப்புறுதிப் பணமும் வந்தாச்சு. இப்போ காண்டிராக்டர் 5,000 வெள்ளி (ரிங்கிட்) தர்றார், வாங்கலாமா?

சிப்புட் செல்வி:
வணக்கம். மலேசியா சுங்கை சிப்புட்ல அம்மாவுக்குத் தையல் கடை. பக்கத்துக் கடைக்குக் கூரை போட வெல்டிங் அடிச்சப்போ பொறி பறந்து எங்க துணி அலமாரியில பிடிச்சுக்கிச்சு. போம்பா (தீயணைப்பு வண்டி) வந்து அணைக்கறதுக்குள்ள மிஷின், ஸ்டாக் எல்லாம் போச்சு. போம்பா ரிப்போர்ட், போலீஸ் ரிப்போர்ட் ரெண்டும் கையில இருக்கு.

தீக் காப்புறுதியில 31,500 வெள்ளி கொடுத்துட்டாங்க. ஆனா தோட்டத்து ஆளுங்க தைக்கக் கொடுத்த கல்யாணத் துணிங்களுக்கும், கடை மூடிக்கிடந்த நாள் வருமானத்துக்கும் பாலிசியில இடமில்லையாம். அது ஒரு 6,800 வெள்ளி.

இப்போ ரெண்டு காகிதம் வந்திருக்கு. ஒன்னு காப்புறுதிக் கம்பெனி அனுப்பின சப்ரோகேஷன் கடிதம், அதாவது அம்மாவுக்குப் பதிலா காண்டிராக்டரைக் கேட்கற உரிமை அவங்களுக்குன்னு சொல்றது. இன்னொன்னு காண்டிராக்டர் கொண்டுவந்தது: 5,000 ரொக்கமா தருவாராம், "இனி எந்தக் கோரிக்கையும் இல்லை"ன்னு அம்மா கையெழுத்துப் போடணுமாம். அவர் கோயில் கமிட்டியில இருக்கறவர், நல்ல மனுஷன்தான். துணி கொடுத்தவங்களுக்குப் பதில் சொல்ல முடியாம அம்மா தவிக்கறாங்க. எதுல கையெழுத்துப் போடறது?

லோரி அண்ணன்:
வாங்கிக்கம்மா. பிரீமியம் கட்டினது உங்க அம்மா, அந்தப் பணம் தனி. எரிச்சவன் கொடுக்கறது தனி. ரெண்டையும் சேர்த்துக் குழப்பிக்காதே.

பழைய கிளேம் கிராணி:
செல்வி, காண்டிராக்டர் காகிதத்துல தயவுசெய்து இப்போ கையெழுத்துப் போடாதீங்க.

அண்ணன் சொல்றது ஆயுள் காப்புறுதிக்குச் சரி. தீக் காப்புறுதி நஷ்டத்தை ஈடுகட்ட மட்டும்தான். ஒரே நஷ்டத்துக்கு ரெண்டு பக்கமும் வாங்கக்கூடாது. 1883-ல இங்கிலாந்துல காஸ்டெலைன் எதிர் பிரெஸ்டன்னு ஒரு வழக்கு. லிவர்பூல்ல ஒரு கட்டடத்தை விற்க ஒப்பந்தம் போட்டாச்சு, கைமாறுறதுக்குள்ள தீப்பிடிச்சது. விற்றவர் காப்புறுதியில 330 பவுன் வாங்கினார், அப்புறம் வாங்கினவர்கிட்டயும் முழு விலை வாங்கினார். அந்த 330-ஐத் திருப்பிக் கொடுன்னு கோர்ட் சொல்லிடுச்சு. நம்ம நாட்டு 1956 சிவில் சட்டத்தோட 5-ஆவது பிரிவு தீக் காப்புறுதிக்கு ஆங்கிலச் சட்டத்தைத்தான் காட்டுது, அதனால இங்கேயும் அதே கொள்கைதான்.

31,500 கொடுத்ததுமே, அந்த அளவுக்குக் காண்டிராக்டரைக் கேட்கற உரிமையில அம்மா இடத்துல கம்பெனி வந்து நிக்குது. கடிதம் அதை உறுதிப்படுத்தத்தான். அம்மா "கோரிக்கை இல்லை"ன்னு எழுதிக் கொடுத்தா கம்பெனி வழியும் அடைபடலாம். அப்புறம் கம்பெனி அம்மாவையே திருப்பிக் கேட்கும். 5,000 வாங்கப் போய் 31,500-க்குப் பதில் சொல்ற நிலை வரும்.

ஆனா கம்பெனி தான் கொடுத்ததுக்கு மேல எடுத்துக்க முடியாது. பாலிசியில வராத அந்த 6,800 அம்மாவோடது.

லோரி அண்ணன்:
அப்படியா, தெரியாம சொல்லிட்டேன் தங்கச்சி. அப்போ 6,800-க்கு மட்டும் சிறு கோரிக்கை நீதிமன்றத்துல போடலாமே? வக்கீல் வேண்டாம்னு சொல்வாங்க. இன்னொன்னு கிராணி, நான் மோட்டார்ல விழுந்தப்போ தனிநபர் விபத்துக் காப்புறுதியும் கிடைச்சது, லோரி பக்கமும் கொடுத்தாங்க. நான் திருப்பணுமா?

பழைய கிளேம் கிராணி:
வேண்டாம் அண்ணே. குறிப்பிட்ட தொகை தர்ற தனிநபர் விபத்துக் காப்புறுதியும் ஆயுள் காப்புறுதி மாதிரித்தான். கை காலுக்கு ஈட்டுத்தொகைன்னு கணக்குப் பார்க்க முடியாது.

சிறு கோரிக்கைக்கு உச்சவரம்பு 5,000 வெள்ளி. அதைவிட முக்கியம், ஒரே தீக்கு நீங்க தனியா ஒரு வழக்கு போட்டு முடிச்சா, கம்பெனி பின்னால போடறப்போ "முன்னமே தீர்ந்த விஷயம்"னு எதிர்த்தரப்பு தடை சொல்லும். கம்பெனி போடற வழக்கும் அம்மா பேர்லதான் வரும், அதனால உங்க 6,800-ஐயும் அதுலயே சேர்க்கச் சொல்லி எழுத்துல கேளுங்க. அவசரம் இல்ல, தீபகற்பத்துல கவனக்குறைவு வழக்குக்கு ஆறு வருஷம் இருக்கு.

காண்டிராக்டரைப் பகைச்சுக்க வேண்டாம். பொதுப் பொறுப்புக் காப்புறுதி, அதாவது தன்னால அடுத்தவங்களுக்கு வர்ற நஷ்டத்துக்கான பாலிசி, எடுத்திருக்காரான்னு கேளுங்க. வெல்டிங் பாலிசியில அடங்கியிருந்தா அவரோட கம்பெனிதான் கொடுக்கும், அவர் கைக்காசு பெரிசா போகாது. அவர் பேசற சமரசமும் நடக்கலாம், ஆனா உங்க கம்பெனி எழுத்துல சம்மதிச்ச பிறகு.

சிப்புட் செல்வி:
ரொம்ப நன்றி கிராணி ஐயா. கம்பெனிக்கு மின்னஞ்சல் போட்டேன். பாலிசியில வராத நஷ்டத்தைத் தனிப் பட்டியலாக் கொடுங்க, சேர்த்துக் கேட்கறோம்னு பதில் வந்துச்சு. சமரசக் காகிதம் எதுவா இருந்தாலும் முதல்ல தங்களுக்கு அனுப்பச் சொல்லிட்டாங்க. காண்டிராக்டர் அண்ணன்கிட்ட அம்மாவே போய்ப் பேசினாங்க. அவருக்குப் பாலிசி இருக்காம், கம்பெனிக்குச் சொன்னா கட்டணம் ஏறும்னு பயந்து சொல்லாம இருந்திருக்கார்.

துணிக்கு ரசீது இல்லாதவங்க நிறைய பேர். அவங்களுக்கு என்ன ஆதாரம் காட்டறது?

பழைய கிளேம் கிராணி:
காண்டிராக்டர் உடனே தன் காப்புறுதிக் கம்பெனிக்குத் தெரிவிக்கணும், தாமதிச்சா அவங்க மறுக்கலாம். இதை இன்னைக்கே அவர்கிட்ட சொல்லுங்க. துணிக்கு அம்மாவோட அளவு நோட்டுப் புத்தகம் தப்பிச்சிருந்தா அதுவே நல்ல ஆதாரம். இல்லன்னா கொடுத்தவங்க ஒவ்வொருத்தரும் என்ன துணி, எங்கே வாங்கினது, என்ன விலைன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரட்டும். அட்வான்ஸ் கொடுத்த வாட்ஸ்அப் செய்தி இருந்தா அதையும் சேர்த்துக்குங்க.