உதவி: 42 டிகிரியில் வைத்தும் டிஎன்ஏகே என்ற வெப்ப அதிர்ச்சி ஜீன் ஏறவே இல்லை, எங்கே பார்ப்பது?

பெட்ரித்தட்டு:
வணக்கம். ஈ.கோலை கே-12 பாக்டீரியா வளர்ப்பை 30 டிகிரியில் ஓடி (கலங்கல் அளவு) 0.4 வரை வளர்த்து, அதே ஷேக்கரை 42-க்கு மாற்றினேன். 30, 60 நிமிடங்களில் மாதிரி எடுத்து, 4 டிகிரியில் பத்து நிமிடம் சுழற்றி, அப்புறம் ஆர்என்ஏ பிரித்தேன். எம்ஆர்என்ஏ அளவைக் காட்டும் கியூபிசிஆரில் டிஎன்ஏகே வெறும் 1.3 மடங்கு. கூடவே பார்த்த ஆர்பிஓஎச் ஜீன் அசையவே இல்லை. மெல்ட் கர்வில் ஒரே முகடு (வேறு துண்டு பெருகவில்லை), ஆர்டி (ஆர்என்ஏவை டிஎன்ஏவாக்கும் என்சைம்) சேர்க்காத கண்ட்ரோலும் சுத்தம். ஒப்பீட்டுக்கு 16எஸ் ரைபோசோம் ஆர்என்ஏ. ப்ரைமரை மாற்றிப் பார்க்கலாமா?

சிக்மாப்பித்தன்:
ப்ரைமரைத் தொடாதீர்கள். நீங்கள் போய்ச் சேர்வதற்குள் கூட்டம் கலைந்துவிட்டது, அவ்வளவுதான்.

30-லிருந்து 42-க்குச் சட்டென்று மாறும்போது செல்லுக்குள் புரதங்கள் மடிப்புக் குலையத் தொடங்கும். அதுவரை சிக்மா-32 என்ற புரதத்தைப் பிடித்து வைத்திருந்த டிஎன்ஏகே, டிஎன்ஏஜே புரதங்கள் அந்தச் சிதைவைக் கவனிக்கப் போய்விடும். விடுபட்ட சிக்மா-32, ஜீன்களைப் படியெடுக்கும் ஆர்என்ஏ பாலிமரேஸோடு சேர்ந்து வெப்ப அதிர்ச்சி ஜீன்களை முடுக்கும். ஐந்து நிமிடத்துக்குள் சிக்மா-32-இன் அளவு பத்து மடங்குக்கு மேல் எகிறும். ஆனால் அந்த ஜீன்களில் டிஎன்ஏகேவும் ஒன்று. புதிதாக வந்த டிஎன்ஏகே மறுபடி சிக்மா-32-ஐப் பிடிக்கும், எஃப்டிஎஸ்எச் என்ற புரோட்டியேஸ் அதை வெட்டித் தள்ளும். அரை மணி நேரத்தில் எல்லாம் அடங்கி, பழைய அளவைவிடக் கொஞ்சம் உயரத்தில் நின்றுவிடும். உங்கள் 1.3 அந்த அடங்கிய நிலைதான் என்பது என் கணிப்பு.

இன்னொன்று, காற்று ஷேக்கர். திரையில் 42 காட்டினாலும் குடுவைக்குள் இருக்கும் திரவம் மெதுவாகத்தான் சூடாகும். அதே அளவு தண்ணீர் ஊற்றிய குடுவையில் தெர்மாமீட்டரை விட்டுப் பாருங்கள், கோபம் வரும். மெதுவாக ஏறினால் ஜீன் ஏற்றத்தின் முகடும் பரவிப்போய்த் தட்டையாகிவிடும். 30 டிகிரி வளர்ப்போடு 54 டிகிரிக்குச் சூடாக்கிய அதே ஊடகத்தைச் சம அளவு கலந்தால் ஏறக்குறைய 42-ல் வந்து நிற்கும். உடனே 42 டிகிரி வாட்டர் பாத்துக்குள் வையுங்கள். கண்ட்ரோலுக்கும் சம அளவு ஊடகம் ஊற்ற வேண்டும், ஆனால் 30 டிகிரியில்.

மாதிரி 0, 2, 5, 10, 20 நிமிடங்களில். எடுத்த கையோடு எத்தனாலில் 5% ஃபீனால் கலந்த கரைசலில் விடுங்கள், அதற்கப்புறம் சுழற்றலாம். பாக்டீரியாவின் பல எம்ஆர்என்ஏக்களுக்கு அரை ஆயுள் சில நிமிடங்கள்தான். பத்து நிமிடக் குளிர் சுழற்சியில் செல் சும்மா இருக்காது, குளிர் அதிர்ச்சிக்கும் பதில் சொல்ல ஆரம்பித்துவிடும்.

ஓரமாய் ஒருவர்:
ஃபீனால் என்பதால் கையுறையும் ஃபியூம் ஹுட்டும் கட்டாயம். 16எஸ் மட்டும் போதாது. அது செல்லில் கொட்டிக் கிடக்கிறது, சிடி மதிப்பு (சிக்னல் தெரியத் தொடங்கும் சுற்று) டிஎன்ஏகேவிலிருந்து வெகு தூரத்தில் வரும். சூட்டில் மாறாத சாதாரண ஜீன் ஒன்றையும் சேர்த்து ஓட்டுங்கள்.

பெட்ரித்தட்டு:
கலந்து செய்து பார்த்தேன். ஐந்தாம் நிமிடத்தில் டிஎன்ஏகே 9 மடங்கு, இருபதில் 3-க்குக் கீழே வந்துவிட்டது. மிக்க நன்றி! ஆனால் ஆர்பிஓஎச் இப்போதும் 1.2-ஐத் தாண்டவில்லை. சிக்மா-32-ஐத் தருவதே அந்த ஜீன்தானே?

சிக்மாப்பித்தன்:
சரியாகத்தான் வந்திருக்கிறது. 42-ல் ஆர்பிஓஎச்சின் படியெடுப்பு பெரிதாக ஏறாது, மொழிபெயர்ப்புதான் ஏறும். அதன் எம்ஆர்என்ஏ 30 டிகிரியில் தொடக்கப் பகுதியோடு தன்மேலேயே மடிந்து கிடப்பதால் ரைபோசோம் உட்கார இடமில்லை. சூட்டில் மடிப்பு இளகி வழி விடும். அந்த எம்ஆர்என்ஏவே தெர்மாமீட்டர். இதோடு, சாதாரணமாக ஒரு நிமிட அரை ஆயுள் உள்ள சிக்மா-32 புரதம், சூடு ஏறிய முதல் சில நிமிடங்களுக்கு அழியாமல் நிற்கும். இரண்டையுமே கியூபிசிஆர் பார்க்காது. புரதத்தையே பார்க்கும் வெஸ்டர்ன் பிளாட் போடுங்கள், மாதிரியை எடுத்தவுடன் டிசிஏ அமிலத்தில் வீழ்படிவாக்கிவிடுங்கள்.

ஆர்பிஓஎச் எம்ஆர்என்ஏவே ஏறுவதைப் பார்க்க ஆசை என்றால் 50 டிகிரிக்குப் போக வேண்டும். அங்கே சிக்மா-இ என்ற இன்னொரு சிக்மா புரதம் வேறொரு ப்ரோமோட்டரிலிருந்து (படியெடுப்பு தொடங்கும் இடம்) அதைப் படியெடுக்கும்.

ஓரமாய் ஒருவர்:
அடுத்து பேசிலஸ் சப்டிலிஸ் என்ற பாக்டீரியா பக்கம் போனால் இதே கணக்கைப் போடாதீர்கள். அங்கே சிக்மா-32 கிடையாது. எச்ஆர்சிஏ, சிடிஎஸ்ஆர் என்ற அடக்கிகள் டிஎன்ஏவை விட்டு விலகுவதால்தான் இந்த ஜீன்கள் திறக்கின்றன.