ஓபிஜியின் (முழுத் தாடை எக்ஸ்ரே) கீழ் மூலையில் வெள்ளைத் துணுக்கு: பெங்களூர் பல் மருத்துவர்களின் அனுபவப் பகிர்வு

அல்சூர், பல் மருத்துவர்:
சர்க்கரை, பிரஷர், தொப்பை மூன்றும் உள்ளவருக்கு ஓபிஜி எடுத்தால் பல்லோடு நிறுத்திவிடாதீர்கள். தாடைக் கோணத்துக்குக் கீழே, பின்பக்கமாக 1.5 முதல் 2.5 செ.மீ. தள்ளி, 3, 4-ஆம் கழுத்து முள்ளெலும்புகளின் மட்டத்தில் பாருங்கள். மூளைக்கு ரத்தம் கொண்டுபோகும் கரோட்டிட் தமனி பிரிகிற இடம் அது. ஒழுங்கற்ற துணுக்குகளோ செங்குத்துக் கோடுகளோ தெரிந்தால் தமனிச் சுவரில் கால்சியம் படிவு என்று சந்தேகிக்கலாம். ஃப்ரீட்லேண்டர், லேண்ட் என்ற ஆய்வாளர்கள் 1981-லேயே எழுதிய விஷயம்தான். நம் ரிப்போர்ட்டுகளில் இதற்கு ஒரு வரிகூட இருப்பதில்லை.

ஜெயநகர், எக்ஸ்ரே டெக்னீசியன்:
அந்த இடம் படத்தில் விழுந்தால்தானே சார் தெரியும்! கதிர்வீச்சைத் தடுக்கும் ஈய ஏப்ரன் பின்கழுத்தில் ஏறியிருந்தாலோ தைராய்டு காலர் (கழுத்துக் கவசம்) போட்டிருந்தாலோ கீழ்ப்பகுதி வெள்ளையாக மறைந்துவிடும். தாலிச் செயினையும் கழற்றச் சொல்ல வேண்டும். தயங்குவார்கள், பொறுமையாகச் சொன்னால் கேட்பார்கள். வாட்ஸ்அப்பில் வெட்டி அனுப்பும் படத்தை நம்பாதீர்கள், டைகாம் ஃபைலை (எக்ஸ்ரேயின் மூல டிஜிட்டல் கோப்பு) கேட்டு வாங்குங்கள். மூலைகள் கறுத்திருந்தால் பிரைட்னஸைக் கூட்டிப் பாருங்கள்.

மல்லேஸ்வரம், வாய்க் கதிரியல் நிபுணர்:
அதிகம் ஏமாற்றுவது குரல்வளையில் இருக்கும் டிரிட்டிஷியஸ் என்ற சிறு குருத்தெலும்பு. அதுவும் ஏறக்குறைய அதே இடத்தில்தான் நிற்கும். ஆனால் அரிசிமணி போல வழவழப்பான ஓரத்தோடு, 7 முதல் 9 மி.மீ. நீளத்தில் இருக்கும். தைராய்டு குருத்தெலும்பின் மேல்கொம்பு, ஹயாய்டு என்ற நாவடி எலும்பின் நுனி, நிணநீர்க் கணு ஆகியவையும் குழப்பும். நேர்முகக் கழுத்துப் படம் எடுத்தால் குரல்வளைக் குருத்தெலும்பு நடுக்கோட்டை ஒட்டி விழும், கரோட்டிட் படிவு முள்ளெலும்புக்கு வெளிப்பக்கம் ஒதுங்கும். அதன் பிறகும் சந்தேகம் இருந்தால் ரத்த ஓட்டத்தைப் பார்க்கும் டாப்ளர் ஸ்கேன்தான். தாடையின் கீழோரத்தில் தண்டவாளம் போல இரட்டைக் கோடு ஓடினால் அது முகத் தமனியில் படிந்த கால்சியம். நீண்டநாள் சர்க்கரை, சிறுநீரகக் கோளாறு இரண்டையும் விசாரியுங்கள்.

இந்திராநகர், பொது மருத்துவர்:
பல் டாக்டர்களுக்கு ஒரு வேண்டுகோள்: நோயாளியிடம் "பிளாக்" என்று சொல்லாதீர்கள். எவ்வளவு அடைப்பு என்பதை ஓபிஜி காட்டாது. மென்மையான படிவு அதில் தெரியவே தெரியாது, ஆகவே படம் சுத்தமாக இருப்பதால் தமனியும் சுத்தம் என்று அர்த்தமில்லை. கடிதத்தில் எந்தப் பக்கம், என்ன வடிவம் என்று எழுதி, கரோட்டிட் டாப்ளர், லிப்பிட் (ரத்தக் கொழுப்பு), எச்பிஏ1சி (மூன்று மாத சர்க்கரைச் சராசரி) கேட்டு அனுப்புங்கள். இடுப்பையும் அளந்து குறியுங்கள். நம்மவர்களுக்கு ஆண் 90, பெண் 80 செ.மீ.தான் வரம்பு. திடீரென ஒரு கண் இருண்டது, கை மரத்தது, பேச்சு குழறியது என்று சொன்னால், அது சரியாகிவிட்டிருந்தாலும் அன்றே பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புங்கள். ஆஸ்பிரின் சாப்பிடுகிறவருக்குச் சாதாரணமாக ஒரு பல் பிடுங்க அதை நிறுத்தவும் வேண்டாம்.