ஆங்கிலம் படிப்பிக்கிற ரீச்சர்மார், சேர்மாரிட்ட ஓர் உதவி

வணக்கம். களுவாஞ்சிக்குடியில பின்னேர வகுப்பில சாதாரண தரப் பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைகளுக்கு ஆங்கிலம் படிப்பிக்கிறன். இப்ப ‘ரன்’ எண்ட சொல்லில நிக்கிறம். பெரிய ஒக்ஸ்போர்ட் அகராதியில வினைச்சொல்லா மட்டும் இதுக்கு 600க்கு மேல கருத்து இருக்கு.

பாதி லேசு. பஸ் ஓடுது, வாய்க்கால்ல தண்ணி ஓடுது, தியேட்டர்ல படம் ஓடுது. எங்கட ‘ஓடு’ அதுக்குக் காணும். கிரிக்கெட் ஓட்டத்தைப் பொடியன்மாருக்குச் சொல்லித்தரவே தேவையில்ல. மற்றப் பாதிதான் கஷ்டம். ‘ரன் எ ஷொப்’ எண்டா கடை நடத்திறது. ‘ரன் எ ஃபீவர்’ எண்டா காய்ச்சல் காயிறது. ‘வீ ரான் அவுட் ஒஃப் ரைஸ்’ எண்டதுக்கு ஒரு பிள்ளை ‘சோத்தை விட்டுட்டு வெளிய ஓடினம்’ எண்டு எழுதியிருக்கு. கெட்டிக்காரப் பிள்ளை, ஒவ்வொரு சொல்லையும் தனித்தனியாச் சரியாத்தான் பார்த்திருக்கு. அரிசி முடிஞ்சு போச்சு எண்ட கருத்து எங்க இருந்து வரும்?

பட்டியல் குடுத்துப் பாடமாக்க வைக்க எனக்கு விருப்பமில்ல. வயல், வாவி, சந்தையை வச்சு எழுதின வசனங்கள், பயிற்சித்தாள்கள் ஆரிட்டயும் இருந்தாப் படம் எடுத்துப் போடுங்க. ‘அவுட்’, ‘இன்டு’, ‘ஓவர்’ சேர்ந்து வாறதில எதை முதல் தொடங்கிறது நல்லம்? கல்முனை, அக்கரைப்பற்றுப் பக்கம் படிப்பிக்கிற ஆக்களும் சொல்லுங்க.