வாடகை டிவிடியில் வேண்டுமென்றே போட்ட கீறலா?

மலர்விழி:
தேர்தல் பற்றிய ஆவணப்படம் ஒன்றை வாடகைக்கு எடுத்தேன். பாதி வரை நன்றாக ஓடியது. அப்புறம் படம் கட்டம் கட்டமாக உடைந்து நின்றேவிட்டது. டிஸ்கை வெளியே எடுத்து வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால், பளபளப்பான பக்கத்தில் அரைவட்டமாக ஒரு ஆழமான கோடு. மறுபக்கம் மார்க்கரால் "பொய்" என்று எழுதியிருக்கிறது. இதற்கு முன் எடுத்த எதிர்த்தரப்புப் படத்திலும் இதே மாதிரி ஒரு கோடு இருந்தது. இது தானாக விழுந்ததா, யாராவது போட்டதா? கடையில் சொன்னால் என்னையே சந்தேகப்படுவார்களோ என்று தயக்கமாக இருக்கிறது.

வட்டுக்காரன்:
வாடகைக் கடையில் பல வருஷம் வேலை பார்த்தவன் என்பதால் சொல்கிறேன், இது வேண்டுமென்றே செய்ததுதான். கைமாறிக் கைமாறி விழும் கீறல் மெல்லியதாக, கன்னாபின்னா என்று கிடக்கும். பிளேயர் கோளாறால் விழுவது காம்பஸ் வைத்து வரைந்தது போல முழு வட்டமாக இருக்கும். சாவியால் இழுத்த கோடு தொடங்கும் இடத்தில் ஆழமாக இறங்கி, போகப் போக மெலியும்.

டிவிடியில் தகவல் உள்ளிருந்து வெளியே சுருளாகப் பதிந்திருக்கும். நடுவிலிருந்து விளிம்புக்குப் போகும் கோடு ஒவ்வொரு சுற்றிலும் கொஞ்சம்தான் மறைக்கும், பிளேயரின் பிழைதிருத்தம் அதைச் சமாளித்துவிடும். சுருளோடு சேர்ந்து ஓடும் கோடுதான் ஆபத்து. ஒரே இடத்தில் நிறையத் தகவல் போய்விடும்.

இருந்தாலும் மீட்க வாய்ப்பு உண்டு. டிவிடியின் கனம் 1.2 மி.மீ., தகவல் இருப்பது அதன் நடுவில். மேற்பரப்பைத் தேய்த்து மெருகேற்றினால் பல டிஸ்க்குகள் ஓடிவிடும். நகத்தை ஓட்டினால் சிக்குகிற அளவு பள்ளம் என்றால் கஷ்டம். ப்ளூ-ரேயில் தகவல் 0.1 மி.மீ. ஆழத்திலேயே இருப்பதால், மேல்பூச்சைத் தாண்டிக் கீறினால் அவ்வளவுதான்.

எல்லாக் கட்சிக்காரர்களும் இதைச் செய்து பார்த்திருக்கிறேன், வயிறு எரியும். படம் எடுத்தவருக்கு ஒரு பைசா நஷ்டமில்லை. நஷ்டம் கடைக்காரருக்கு. இப்படி நாலைந்து டிஸ்க் பாழானால் அவர் அரசியல் படம் வாங்குவதையே நிறுத்திவிடுவார், அப்புறம் எந்தத் தரப்புப் படமும் அலமாரியில் இருக்காது.

தமிழ்க்கனல்:
அப்பட்டமான பொய்ப் பிரச்சாரம் என்றால்? நாலு பேர் பார்க்காமல் தடுப்பதில் என்ன தப்பு?

வட்டுக்காரன்:
தப்புதான் தம்பி. அது கடைக்காரர் காசு போட்டு வாங்கிய பொருள். அந்தப் படத்தை மறுத்து எழுத நினைக்கிறவரும் அதைத்தானே வாடகைக்கு எடுக்க வேண்டும்? அதில் எது பொய் என்று விலாவாரியாக எழுதுங்கள், நான் முதல் ஆளாகப் படிக்கிறேன்.

மலர்விழி:
நன்றி அண்ணா. இன்று கடையில் கோட்டைக் காட்டினேன், என்னைச் சந்தேகப்படவில்லை. எனக்கு முன்னால் எடுத்தவர் யார் என்று பதிவேட்டில் பார்ப்பதாகச் சொன்னார். தேய்த்தும் ஓடாவிட்டால் வேறு பிரதி வரவழைப்பாராம். வந்ததும் எனக்கு எடுத்து வைக்கச் சொல்லியிருக்கிறேன், மீதிப் பாதியைப் பார்க்க வேண்டும்.